வயர் இல்லாத முனை

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தில் காரியத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இன்றுவரை நான் மீறியதில்லை. ஆகவே முதலில் காரியம்.

எங்கள் முதலாளி உங்கள் கடைக்கு ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் அனுப்பியிருக்கிறார். கறுப்பு நிறம், இருபத்து மூன்று கிலோ, பதின்மூன்று ஸ்பீக்கர் மாட்டலாம். பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். லாரியில் வருவதால் நான்கு நாள் ஆகும் என்றார்கள். கடிதம் அதற்கு முன்னால் வந்துவிடும். பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிரித்தாலும் ஸ்பீக்கர் மாட்டாதீர்கள். மாட்டினாலும், அதோடு வரும் மைக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செருகாதீர்கள்.

நேற்று போனில் இதைச் சொன்னபோது, "மச்சான், பேய் பிடிச்சதுக்கெல்லாம் வாரன்டி உண்டா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தது கேட்டது. உங்கள் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் என் அளவு நோட்டில் நான் ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தங்கச்சியும் படிக்கட்டும். அவளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, நமக்குத் தெரிந்த தொழில் விஷயங்களையும் விளக்கியே எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். தெருவின் கடைசி வீடு. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு, விரித்துக் காயவைத்த ஒரு குடை. பயப்பட ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரர் கப்பலில் முப்பத்தாறு வருடம் என்ஜின் அறையில் வேலை பார்த்து, தலைமை என்ஜினீயராக ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை "சீஃப்" என்றுதான் கூப்பிடுவார்கள். இடது காது பதினோரு வருடமாகச் சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதி. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"வாங்க தம்பி. சத்தமா பேசுங்க. இல்லன்னா ஆமா ஆமான்னு தலையாட்டுவாரு, ஒண்ணும் காதுல விழுந்திருக்காது."

"எனக்கு நல்லாவே கேக்குது" என்றார் சீஃப், கூடத்தில் இருந்தபடி.

"நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"டீ போடப் போறேன்னு சொன்னே."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா? டீ போட வெச்சுட்டாரு."

சீஃப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் பேசத் தொடங்கும் முன் நாற்காலிக் கையில் மோதிர விரலால் இரண்டு முறை தட்டுவார். என்ஜின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. குழாயில் இரும்பால் தட்டித்தான் ஆளைத் திரும்பிப் பார்க்க வைப்பார்களாம். டக், டக். பிறகு பேச்சு.

"வெடிச் சத்தம் எனக்கு வேணாம் தம்பி. அதை ஆயுசு பூரா கேட்டாச்சு. படத்துல ஆளுங்க பேசுறது கேக்கணும். அவ்வளவுதான். இவ சிரிக்கிற இடத்துல நானும் சிரிக்கணும். இப்பல்லாம் இவ மூஞ்சியைப் பாத்துட்டு, ரெண்டு செகண்டு கழிச்சு சிரிக்கிறேன்."

"அந்த ரெண்டு செகண்டு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்காரு" என்றார் அந்த அம்மா. சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் உடனே எழுந்து உள்ளே போய்விட்டார்.

பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சரியாகத் தன் தேவையைச் சொன்ன வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. எத்தனை வாட்ஸ் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கத் தெரியாதவர்கள்தான் நம்மிடம் வருகிறார்கள். அவருக்கு நல்ல பெட்டியாகத் தேர்ந்து கொடுத்துவிட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

சமையலறையைத் தாண்டி, ஒரு குறுகிய நடையின் முடிவில் இருந்தது தியேட்டர் அறை. முன்பு சாமான் போட்டுவைத்த இடமாம். வீட்டை வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. பின்சுவரில் இருந்த ஒரே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, நாலு பக்கமும் பஞ்சுப் பலகை பதித்து, மேலே கறுப்புத் துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள். தரையில் தடித்த கம்பளம். நடுவில் மூன்று சாய்வு நாற்காலி. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் கத்தரித்தது போல நின்றுவிட்டது. கை தட்டினால் ஓசை உள்ளங்கையிலேயே செத்தது. விளக்கை அணைத்தேன். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், முகத்துக்கு நேராக நீட்டிய என் கையை நானே பார்க்க முடியவில்லை. இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் நல்ல அறை. அப்படியே நோட்டில் எழுதினேன்.

ஒரு நெடி மட்டும் இருந்தது. ஈரம் போகாமல் மடித்துவைத்த துணியின் நெடி. பசை காயவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர்களை எங்கள் ஆட்கள் ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அடிச் சத்தத்துக்காகத் தரையில் ஒரு சப்வூஃபர். நாற்காலிகளுக்குப் பின்னால் இரண்டும் கூரையில் நாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சீஃப் சொல்லியிருந்தார். அன்று மூன்று ரிசீவர் கொண்டுபோயிருந்தேன். பெரிய வாடிக்கையாளர் என்றால் வீட்டிலேயே போட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது எங்கள் கடை வழக்கம். ஒவ்வொன்றையும் அந்த அறைக்கு அளந்து சரிசெய்த பிறகுதான் கேட்கவிடுவேன்.

தங்கச்சிக்காக, அளப்பது எப்படி என்று சொல்கிறேன். நடு நாற்காலியில், உட்காருகிறவரின் காது இருக்கும் உயரத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்துவோம். எல்லோரும் வெளியே வந்து மூச்சுக்கூட விடாமல் நிற்போம். ரிசீவர் தன் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் மாட்டும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஓசையை அனுப்பும். அடித்தொண்டையில் தொடங்கி உச்சிக்கு ஏறும் ஓசை. அந்த முனையில் ஸ்பீக்கர் இருந்தால் மைக்குக்குக் கேட்கும்; எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு "உள்ளது" என்று திரையில் போடும். வயர் மாட்டாத முனைக்கும் ஓசை போகும். பதில் வராது. "இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் பெட்டி அளக்கவே மறுத்தது. "அறையில் இரைச்சல் அதிகம். மறுபடி முயலவும்."

ஃபிரிட்ஜை நிறுத்தினேன். ஃபேன், மோட்டார், எல்லாவற்றையும் நிறுத்தி, நடையில் இருந்த கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றினேன். சீஃப்பின் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தால் சத்தம் வருமோ என்று தூக்கிப் பிடித்தபடியே நின்றார். மறுபடியும் அதே வரி. என்னிடம் இருந்த சத்தம் அளக்கும் மீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு டெசிபல். கிணற்றின் அடியாழம் மாதிரியான அமைதி.

என் மீட்டருக்குக் கேட்காத ஏதோ ஒன்று அந்த மைக்குக்குக் கேட்டது.

மைக் பழுது என்று எழுதி, முதல் பெட்டியை ஒதுக்கினேன். இரண்டாவது பெட்டி முழுதாக அளந்து முடித்தது. தூரங்களை டேப் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு அங்குலம் பிசகவில்லை. கடைசியாக இப்படி ஒரு வரி இருந்தது:

பின் இடது: உள்ளது. 4.2 மீட்டர். பின் வலது: இல்லை.

பின்பக்கம் ஸ்பீக்கரே இல்லை, மாப்பிள்ளை. ரிசீவரைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் இடது முனையில் வயர் இல்லை. திருகின்மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் மூடிகூட அப்படியே இருந்தது. வயரில்லாத முனைக்கு ரிசீவர் ஓசையை அனுப்பியிருக்கிறது. அதற்கு எங்கிருந்தோ பதில் வந்திருக்கிறது.

நாற்காலியில் இருந்து பின்சுவர் 2.8 மீட்டர்தான். 4.2 என்றால் சுவருக்கு வெளியே. எனக்கு எதையும் அளந்து பார்க்காமல் விட முடியாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் சந்து. வெயில் படாத இடம். தரை முழுக்கப் பச்சைப் பாசி. செங்கல் வைத்து அடைத்த ஜன்னலுக்கு எதிரே டேப்பைப் பிடித்தேன்.

டேப் காட்டிய இடத்தில் பாசி இல்லை.

பாத அளவில், பக்கத்துப் பக்கத்தில், காய்ந்த இரண்டு இடம். விரல்கள் சுவரைப் பார்த்தபடி.

உள்ளே திரும்பி வந்தேன். "பின்னாடி ஒண்ணு ஒத்தையா இருக்குன்னு காட்டுது, மெஷின் கோளாறு" என்று மட்டும் சீஃப்பிடம் சொன்னேன்.

டக், டக். "ஒத்தையாவா? பாவம், கப்பல்ல நான் இருந்த மாதிரி. ஒரு ஜோடி சேத்து விடுங்க தம்பி."

"இந்த வயசுல தரகு வேலை வேறயா?" என்றார் அந்த அம்மா.

மூன்றாவது பெட்டிதான் இப்போது உங்களிடம் வந்துகொண்டிருப்பது. அதை அளக்கும்போது சீஃப் வெளியே வர மறுத்துவிட்டார். கப்பலில் வால்வுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றவனாம். ஐந்து நிமிடம் உட்கார முடியாதா என்றார். வலது ஓர நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினேன். நானும் அந்த அம்மாவும் நடையில் நின்றோம். ஓசை ஒவ்வொன்றாக ஏறி அடங்கியது. முன்னால் மூன்று. பக்கத்தில் இரண்டு. அப்புறம் வயர் இல்லாத முனையின் முறை. மௌனமாக இருக்க வேண்டிய ஐந்து வினாடி.

உள்ளே யாரோ அந்த ஓசையை முனகினார்கள்.

மெல்ல, அடித்தொண்டையில் தொடங்கி, மேலே ஏற்றி, கடைசியில் எட்டாமல் பிசிறடித்து நின்றது. ஒரு ராகத்தைப் புதிதாகப் பழகுகிறவர் மாதிரி.

அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "அவர் குரல் இல்ல" என்றார், காற்றாக.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். சீஃப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் நிறைய நீர். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இந்தக் காதுல கேட்டுச்சு."

இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

திரையில்: பின் இடது: உள்ளது. 2.9 மீட்டர். அதற்குக் கீழே, அந்த விலையுயர்ந்த பெட்டிக்கு மட்டுமே உள்ள மரியாதையுடன் ஒரு கேள்வி: "ஒன்று ஒற்றையாக உள்ளது. இதையும் சேர்க்கவா? ஆம் / இல்லை."

நான் "இல்லை" என்று அழுத்தினேன். நோட்டில் எழுதியிருக்கிறேன், நேரத்தோடு. பிறகு படம் போட்டோம். பேச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. சீஃப் இரண்டு இடத்தில் மனைவியோடு சேர்ந்தே சிரித்தார். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் சீஃப் போன் செய்தார். மறுநாள் காலையே போனேன். என்னை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"படமெல்லாம் அருமையா கேக்குது தம்பி. ஆனா இந்தக் காது மறுபடி செத்துப்போச்சு. அன்னைக்கு ஏதோ கேட்டுச்சே, ஆமாவா இல்லையான்னு. நீங்க இல்லன்னு அழுத்துனீங்கல்ல? அதை மாத்தி விடுங்க."

"அது மெஷின் கோளாறு, சீஃப்."

"இருக்கட்டும். பதினோரு வருஷமா இந்தப் பக்கம் எனக்கு ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. கோளாறா இருந்தா என்ன?"

கும்பிடாத குறையாகக் கேட்டார். அப்பா வயசு. நான் மைக்கைச் செருகி மறுபடி அளந்தேன். 1.9 மீட்டர். சுவருக்கு உள்ளே, கம்பளத்தின்மேல்.

"இதையும் சேர்க்கவா?"

ஆம் என்று அழுத்தினேன். மாப்பிள்ளை, இந்த ஒரு இடத்தில்தான் என் தவறு. முனகலைத் தவிர அதற்குக் குரல் இல்லை. ஒரு முனை கொடுத்து, இத்தனை தூரம், இத்தனை சத்தம் என்று எழுதிவைத்து, அதற்குக் குரல் கொடுத்தவன் நான்தான்.

அதன்பிறகு அவர் மனைவி கடைக்கே வந்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, படம் ஓடாதப்பவும் அதுல சத்தம் வருமா?"

"வராதும்மா."

"திரை அணைஞ்சே கெடக்கு. இவர் உள்ள உக்காந்து பேசுறாரு. பேசுவாரு, நிறுத்துவாரு. போன்ல பேசுறவங்க நிறுத்துற மாதிரி. அப்புறம் சிரிப்பாரு." கவுன்டர் கண்ணாடியை முந்தானையால் ஒரு முறை துடைத்தார். "இப்ப அந்த ரெண்டு செகண்டு இல்ல தம்பி. உடனே சிரிக்கிறாரு."

அன்றே அவரோடு போனேன். சீஃப் இளைத்திருந்தார். சவரம் செய்யவில்லை. நடு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் டக், டக் என்று தட்டினார். அறையில் அந்த நெடி கூடியிருந்தது. துணி மடிப்புக்குள் முகத்தைப் புதைத்தது போல.

"வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. ஒரு தடவை அளந்து சொல்லுங்க. முதல்ல வெறும் முனகலா இருந்துச்சு. இப்ப வார்த்தையா வருது. கிட்ட வந்தா இன்னும் தெளிவாக் கேக்கும்."

"யாரு சீஃப்?"

"அதைக் கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க."

"என்னதான் சொல்றாங்க?"

"'இடம் இருக்கா'ன்னு கேக்குறாங்க. அதையேதான். இருக்கேன்னு சொன்னேன். மூணு சீட்டு போட்டிருக்கோமே, நாங்க ரெண்டு பேர்தானே."

அந்த அம்மா கதவருகே நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கழற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்று அர்த்தம். நான் பெட்டியின் பின்னால் கையை விட்டேன். அவர் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதானவர் பிடி இல்லை அது. முப்பத்தாறு வருடம் வால்வு திருகிய கை.

"தம்பி. படத்துல பேசுறவன் எனக்கா பேசுறான்? இது எனக்குப் பேசுது."

அளந்தேன். 0.6 மீட்டர். கை நீட்டினால் தொடும் தூரம். அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்து வேறு பெட்டி மாற்றித் தருகிறேன் என்று அந்த அம்மாவிடம் கிசுகிசுத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே தெருவுக்கு வந்தேன்.

அடுத்த வாரத்துக்கு அவர் இல்லை.

காலை பதினொரு மணிக்கு மனைவி டீ எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். திரை அணைந்திருக்க, ரிசீவரின் சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இருக்கலாம். துக்கம் கேட்கப் போனபோது அந்த அம்மா அழவில்லை. சீஃப்புக்குக் கேட்கப் பேசியே கட்டிப்போயிருந்த தொண்டை சரியாகியிருந்தது. யாரிடமும் கத்த வேண்டியதில்லையே.

"பயந்த முகம் இல்ல தம்பி. யாராவது ரகசியம் சொன்னா சாஞ்சு கேப்போமே, அப்படி இடது பக்கமா சாஞ்சிருந்தாரு. கொஞ்சமாவது கேக்குற வலது காதைக் கையால பொத்தியிருந்தாரு. அந்தக் கையை எடுக்கவே முடியல."

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துவந்தேன். கடையில் வைத்து அதன் நினைவு முழுவதையும் அழித்தேன். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை. அந்த வீடு, அந்த அறை, அந்த எண்கள், எதுவும் அதற்குள் இனி இல்லை. விற்கும் முன் சோதித்துப் பார்ப்பது வழக்கம் அல்லவா? எங்கள் டெமோ அறை உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, தெருவில் போகிறவர்கள் தெரிவார்கள். பின்பக்க ஸ்பீக்கர் அங்கேயும் கிடையாது. நல்ல பகலில், மைக்கை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

முன்னால் மூன்று. பக்கத்தில் இரண்டு.

பின் இடது முனைக்குப் பதில் வந்தது. இந்தத் தடவை பிசிறில்லை. பழகிவிட்டது.

பின் வலது.

டக், டக்.

பிறகு ஒரு ஆண் குரல் கரகரவென்று அந்த ஓசையை முனகத் தொடங்கியது. அடியில் தொடங்கி, மெல்ல மேலே ஏற்றி, எட்டாமல் நின்றது.

திரையில்: பின் இடது: உள்ளது, 2.4 மீட்டர். பின் வலது: உள்ளது, 2.4 மீட்டர். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஜோடி சேர்ந்துவிட்டதால் கேட்க அவசியம் இல்லை. மற்ற முனைகள்: இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தது போலவே அவரும் சிரித்தார். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன். எழுந்து வந்தபோது பெட்டி இருந்த இடம் காலி. உங்கள் கடைக்கு லாரியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பின்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்றும் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது இடம் இருக்கிறதா என்று கேட்கிறது. அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது. பின்பக்கம் இரண்டு நிரம்பிவிட்டது. கூரைக்கு நாலு முனை காலியாகக் கிடக்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, பெட்டி வந்தால் பிரிக்காமல் ஒரு மூலையில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். விலையை என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளட்டும். தங்கச்சியை அந்தப் பெட்டி இருக்கும் பக்கம் விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் செய்தி வந்துவிட்டது. நேர் லாரியாம், இரண்டே நாளில் கொண்டுவந்து இறக்கிவிட்டதாமே. இனி இந்தக் கடிதத்தை அனுப்பிப் பயனில்லை. நான் பஸ் பிடிக்கக் கிளம்புகிறேன், கடிதம் என் சட்டைப்பையில்தான் இருக்கும். ஆனாலும் தொடங்கியதை முடிக்காமல் எனக்கு நோட்டை மூட வராது. ஆகவே நீங்கள் அனுப்பியதை அப்படியே இதில் எழுதிவைக்கிறேன்.

"மச்சான், பெட்டி சூப்பர். உங்க பேயையும் சேத்து இறக்கியாச்சு. நம்ம டெமோ ரூம்ல போட்டு, மைக் வெச்சு அளந்தேன். உங்க தங்கச்சிதான் நடு சீட்டுல உக்காந்து மைக்கைப் பிடிச்சுக்கிட்டா. அளக்குறப்ப ரெண்டு தட்டு தட்டுற சத்தம் கேட்டுச்சாம், எலியா இருக்கும். பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் இருக்குன்னு காட்டுது, நான் மாட்டவே இல்லையே? ஒரு மீட்டராம். மேல கூரையில வேற இடது பக்கம் ஒண்ணு உள்ளது, வலது இல்லன்னு வருது. ஒத்தையா இருக்கு, சேக்கவான்னு கேட்டுச்சு.

ஆம்னு அழுத்திட்டேன்."